மூடிய ஆலை நிலம்: வீடா, பூங்காவா, மறுபடியும் தொழிலா?

#1 நகர்வாசி

நகரமைப்புப் படிக்கும் மாணவன் நான். நகரின் நடுவே பல ஏக்கரில் மூடிக் கிடக்கும் எஃகு ஆலை, நூற்பாலை, எரிவாயு ஆலை போன்ற நிலங்களை எப்படி மறுபடி பயன்படுத்துவது என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. வீட்டுப் பற்றாக்குறை இருக்கிறதே, குடியிருப்பு கட்டுங்கள் என்கிறது ஒரு தரப்பு. பூங்கா என்கிறது இன்னொன்று. வேலை போன இடத்தில் வேலைதான் வர வேண்டும் என்பது மூன்றாவது. எது சரி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 மண்சோதனை

மூன்றுமே இரண்டாவது கேள்விகள். அந்த ஆலையில் என்ன செய்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அது தெரியாமல் வரைபடத்தில் பச்சை, மஞ்சள் என்று வண்ணம் தீட்டுவது வீண் வேலை.

ஒவ்வொரு தொழிலும் மண்ணில் தன் கையெழுத்தை விட்டுத்தான் போகிறது. நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த இடத்தில் தார், பென்சீன், சயனைடு கலந்த நீலநிறக் கழிவு. தோல் பதனிட்ட இடத்தில் குரோமியம். உலோக முலாம் பூசிய இடத்திலும் குரோமியம்தான், ஆனால் அதைவிடக் கொடிய வடிவத்தில். மின்மாற்றிகள் நின்ற மேடையைச் சுற்றிப் பழைய குளோரின் எண்ணெய்கள். இயந்திரப் பாகங்களின் பிசுக்கை நீக்கிய பட்டறையில் டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான்.

இந்தக் கடைசிப் பொருள்தான் என்னைப் போன்றவர்களுக்குத் தலைவலி. இது தண்ணீரைவிடக் கனமானது. பெட்ரோல் சிந்தினால் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். இது அதற்குள்ளேயே இறங்கி, அடியில் களிமண் அடுக்கோ பாறையோ தடுக்கும் இடம்வரை போய்த் தேங்கிவிடும். அங்கிருந்து பல பத்தாண்டுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். அதன் ஆவி மண் வழியே மேலேறி, வீட்டுத் தரையின் விரிசல்களில் நுழைந்து அறைக்குள் வரும். மேலே புல் பச்சையாக இருக்கும், குழாய்த் தண்ணீர் வேறு எங்கிருந்தோ வரும், ஆனாலும் உள்ளே இருப்பவர் அதைச் சுவாசித்துக்கொண்டிருப்பார்.

ஆகவே, ஆலை நிலம் என்று மொத்தமாகப் பேசாதீர்கள். ஒரே வளாகத்தில் அலுவலகக் கட்டடம் நின்ற மூலை சுத்தமாக இருக்கும். ஐம்பது அடி தள்ளி ஒரு குழி மண்ணை வெறுங்கையால் தொடக்கூடாததாக இருக்கும்.

#3 எளியவழி

எதற்கு இவ்வளவு சிக்கல்? கெட்ட மண்ணை அள்ளி வெளியே கொட்டிவிட்டு நல்ல மண்ணை நிரப்பினால் முடிந்தது.

#4 மண்சோதனை

எளியவழி, நீங்கள் சொன்னதைத்தான் இங்கிலாந்தின் கோர்பி நகரில் செய்தார்கள்.

அங்கே எஃகு உற்பத்தி 1980இல் நின்றது. நகராட்சி நிலத்தை வாங்கியது. 1980களின் நடுவிலிருந்து பத்தாண்டுகளுக்கும் மேலாக மண்ணையும் கழிவையும் தோண்டி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றினார்கள். சரியாக மூடாத லாரிகள் சேற்றைச் சிந்தியபடி ஊர்ச் சாலைகளில் ஓடின. சேறு காய்ந்தது, தூளானது, காற்றில் பறந்தது. அந்த ஆண்டுகளில் கருவுற்றிருந்த பெண்கள் சிலருக்கு விரல்கள் குறைபட்ட, கை வளராத குழந்தைகள் பிறந்தன. 18 பேர் சார்பில் வழக்கு நடந்தது. நகராட்சி அந்த வேலையைக் கவனக்குறைவாக நடத்தியது என்று 2009இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு சமரசம் ஏற்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, ஆலை ஓடிய காலத்துக் கதை அல்ல இது. சுத்தம் செய்த காலத்துக் கதை. மாசு ஒருவரைச் சேர வேண்டுமானால் மூன்று வேண்டும்: மாசு இருக்கும் இடம், அது போகும் வழி, போய்ச் சேரும் ஆள். பிரிட்டிஷ் சட்டம் மாசடைந்த நிலம் என்று முடிவு கட்டுவதே இந்த மூன்றும் இணைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான். கோர்பியில் மண் புதைந்து கிடந்தவரை வழி இல்லை. லாரி வழியை உண்டாக்கியது.

அள்ளுவதே கூடாது என்று சொல்லவில்லை. லண்டன் ஒலிம்பிக் பூங்காவுக்காகச் சுமார் 250 ஹெக்டேர் பழைய தொழில் நிலத்தை எடுத்தபோது வளாகத்துக்குள்ளேயே மண் கழுவும் நிலையங்களை நிறுவினார்கள். தோண்டிய மண்ணில் பெரும்பகுதி கழுவப்பட்டு அங்கேயே மீண்டும் போடப்பட்டது. ஊர்ச் சாலைக்கு லாரியை விடாமல் இருப்பதற்கே அந்தத் திட்டத்தில் பெரும் சிந்தனை போயிருக்கிறது. ஆனால் அது ஒலிம்பிக்; குறித்த நாளும் இருந்தது, அரசின் பணமும் இருந்தது. சாதாரண நகராட்சிக்கு அது வாய்க்காது.

#5 வட்டிக்கணக்கு

பணத்துக்கு வந்துவிட்டீர்கள், நானும் வருகிறேன். இத்தகைய நிலங்களுக்குக் கடன் கொடுப்பதா வேண்டாமா என்று பார்க்கும் வேலையில் இருந்தவன்.

மாசைவிடப் பெரிய பயம் பொறுப்பு யார் தலையில் விழும் என்பதுதான். அமெரிக்காவில் 1980இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம் கடுமையானது: கெடுத்தவர் மட்டுமல்ல, இன்று நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரும் பொறுப்பு. சட்டம் வருவதற்கு முன் நடந்ததற்கும் பொறுப்பு. பலர் கெடுத்திருந்தால் மொத்தச் செலவையும் ஒருவரிடமே கேட்கலாம். கெடுத்தவனை விடக்கூடாது என்ற நோக்கம் நியாயமானதுதான். ஆனால் விளைவு வேறு. லேசாக அழுக்கான நிலத்தைக்கூட யாரும் தொடவில்லை. தொழில் முனைவோர் நகரின் விளிம்புக்குப் போய் வயல்வெளியை வாங்கினார்கள், நடுவில் ஆலைகள் துருப்பிடித்தன. உரிமையாளர்களுக்கும் விற்பதைவிடப் பூட்டி வைப்பதே லாபம். விற்க முயன்றால் சோதனை வரும், சோதனை வந்தால் உண்மை வரும்.

2002இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். வாங்குவதற்கு முன் முறையாக விசாரித்து, மாசைத் தெரிந்துகொண்டு, அது மேலும் பரவாமல் பார்த்துக்கொள்பவருக்குப் பாதுகாப்பு கிடைத்தது. விசாரிக்காமல் வாங்கியவருக்கு இல்லை. இந்த ஒரு வரி செய்த வேலையைப் பல மானியங்கள் செய்யவில்லை என்பது என் கணிப்பு.

அடுத்தது காலம். பிட்ஸ்பர்க்கின் ஹேசல்வுட்டில் 178 ஏக்கர் கோக் ஆலை (நிலக்கரியைச் சுட்டு எஃகு உலைக்கு எரிபொருள் செய்யும் ஆலை) நிலம். 1998இல் ஆலை மூடியது. 2002இல் சில அறக்கட்டளைகள் சேர்ந்து ஒரு கோடி டாலருக்கு வாங்கின. பழைய உருட்டாலையின் எலும்புக்கூட்டுக்குள் கட்டிய முதல் பெரிய கட்டடம் 2019இல் திறந்தது. பதினேழு ஆண்டுகள்! எந்தக் கட்டுமான நிறுவனமும் அவ்வளவு காலம் வட்டி கட்டிக்கொண்டு காத்திருக்காது. காத்திருக்க முடியாதவரிடம் நிலம் போனால், முதலில் யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு விற்றுவிடுவார். அப்படித்தான் வணிக வளாகமும் வாகன நிறுத்துமிடமும் முளைக்கின்றன.

#6 பழைய ஃபிட்டர்

வணிக வளாகம் என்றதும் எனக்கு ஹோம்ஸ்டெட் நினைவுக்கு வருகிறது. அதே பிட்ஸ்பர்க்கின் பக்கம்தான். அமெரிக்காவின் பெயர்பெற்ற எஃகு ஆலை. உலகப் போர்க் காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்த இடம். 1986இல் மூடினார்கள். 1999இல் அங்கே கடைகளும் திரையரங்கும் வந்தன. 12 செங்கல் புகைபோக்கிகளை மட்டும் நினைவுக்காக விட்டுவைத்தார்கள். வரி வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உலைக்கு முன் நின்றவன் வாங்கிய கூலியும் கடையில் துணி மடிப்பவர் வாங்கும் கூலியும் ஒன்றா?

மும்பையைப் பாருங்கள். 1982 பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் இறங்கினார்கள். அதன்பின் ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சுமார் 600 ஏக்கர், நகரின் மையத்தில். 1991இல் ஒரு விதி வந்தது: ஆலை நிலத்தை விற்றால் மூன்றில் ஒரு பங்கு நகரின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மீதி உரிமையாளருக்கு. நல்ல விதி. 2001இல் அதைத் திருத்தினார்கள். கட்டடம் நிற்காத காலி இடத்தை மட்டும் பங்கு போட்டால் போதும் என்றார்கள். ஆலை என்றால் பெரும்பாலும் கூரைதானே, காலி இடம் எவ்வளவு இருக்கும்? உயர் நீதிமன்றம் 2005இல் அந்தத் திருத்தத்தின் பலனைத் தடுத்தது. 2006இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. இன்று அங்கே கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன.

மண்ணில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எல்லாம் பேசுங்கள். ஒரு விதியில் ஒரு சொல்லை மாற்றி நூற்றுக்கணக்கான ஏக்கரைக் கைமாற்றலாம் என்பதையும் கட்டுரையில் எழுதட்டும் அந்தத் தம்பி.

#7 பசுங்கூரை

ஃபிட்டர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனாலும் பூங்காவை ஏளனமாகப் பேசும் பழக்கத்தை விட வேண்டும். நிலத்தின் பழைய முகத்தைத் துடைத்தெறியாமல் வைத்த ஊர்கள் இருக்கின்றன.

ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 1985இல் மூடிய இரும்பாலை. இடித்துத் தள்ளியிருக்கலாம். நிலத்தோற்றக் கலைஞர் பீட்டர் லாட்ஸ் ஊதுலைகளை அப்படியே நிற்கவிட்டார். தாதுக் கிடங்குச் சுவர்களில் இன்று மலையேற்றப் பயிற்சி நடக்கிறது. எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் முக்குளிக்கப் பழகுகிறார்கள். மிகவும் கெட்ட இடங்களை மூடி வேலியிட்டார்கள், நடுத்தரமாகக் கெட்ட இடத்தில் தானாக வளர்ந்த மரங்களை வளரவிட்டார்கள். எல்லா மண்ணையும் தோட்டத்து மண்ணாக மாற்ற வேண்டும் என்ற பிடிவாதம் அங்கே இல்லை. செலவு குறைந்ததும் அதனால்தான்.

அது தனிப் பூங்காவும் அல்ல. 1989 முதல் 1999 வரை எம்ஷர் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் நடந்த பெரும் திட்டத்தின் ஒரு துண்டு. அந்த ஆறு திறந்த சாக்கடையாகத்தான் ஓடியது. காரணம் சோம்பல் அல்ல: அடியில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டத் தோண்ட நிலம் தாழ்ந்துகொண்டே போனது, புதைத்த குழாய்கள் உடையும். சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து மூடிய பிறகுதான் கழிவுநீரைக் குழாய்க்குள் கொண்டுபோக முடிந்தது. 1992இல் தொடங்கியது, 2021 முடிவில்தான் ஆற்றில் கழிவுநீர் விழுவது முற்றிலும் நின்றது. சுமார் 550 கோடி யூரோ. முப்பது ஆண்டு ஒரே வேலையைத் தொடர்ந்து செய்த அந்தப் பொறுமையை நான் எந்தக் கட்டடத்தைவிடவும் மேலாக மதிக்கிறேன்.

#8 பழைய ஃபிட்டர்

அதே ஆற்றுப் பக்கத்தில் டார்ட்முண்டின் ஃபீனிக்ஸ் ஏரியையும் சொல்லுங்களேன். 2001இல் ஆலை மூடியது. ஆலையைக் கழற்றிச் சீனாவுக்கு அனுப்பினார்கள். குழியில் 2010இல் தண்ணீர் விட்டார்கள். அழகான ஏரி. கரையில் யார் வீடு வாங்கினார்கள்? உலைத்தொழிலாளியா?

#9 பசுங்கூரை

இல்லை. கரை வீடுகள் வசதியானவர்களுக்குத்தான் போயின. ஏரியைச் சுற்றி எல்லோரும் நடக்கலாம் என்பது ஒரு பதில். முழுப் பதில் அல்ல.

#10 ஆவணக்காவலர்

தாமதமாக வருகிறேன், ஆனால் இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்திரங்களோடு வேலை செய்பவன் நான்.

இன்று இத்தகைய நிலங்களில் பெரும்பாலானவை முழுதாகச் சுத்தம் செய்யப்படுவதில்லை. கெட்ட மண்ணை அங்கேயே விட்டு, மேலே களிமண்ணோ கான்கிரீட்டோ போட்டு மூடுகிறார்கள். கூடவே பத்திரத்தில் ஒரு நிபந்தனை: இங்கே கிணறு தோண்டக்கூடாது, குடியிருப்பு கூடாது, மூடியைத் துளைக்கக்கூடாது. பொறியியல் ரீதியாக இதில் தவறில்லை. ஆனால் அந்த நிபந்தனையை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

லவ் கால்வாய் விவகாரத்தை எல்லோரும் ரசாயனக் கழிவின் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அது பத்திரத்தின் கதை. அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் பாதியில் நின்ற ஒரு கால்வாய்க்குள் 1942 முதல் பத்தாண்டு அளவில் ஹூக்கர் நிறுவனம் சுமார் 21,000 டன் கழிவைப் புதைத்து மண்ணால் மூடியது. 1953இல் நிலத்தை நகரின் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தது. உள்ளே ரசாயனக் கழிவு இருக்கிறது, இனி நேரும் தீங்குக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அந்தப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. மறைக்கவில்லை, கறுப்பு மையில் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாரியம் பள்ளிக்கூடம் கட்டியது. பக்கத்து மனைகள் வீடுகளாயின. சாலைக்கும் சாக்கடைக்கும் தோண்டியபோது மூடி உடைந்தது. வீடு வாங்கிய குடும்பங்கள் அந்தப் பத்திரத்தைப் பார்த்ததே இல்லை. 1978இல் அவசரநிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. நண்பர் வட்டிக்கணக்கு சொன்ன 1980 சட்டம் பிறந்ததே இதிலிருந்துதான்.

பள்ளி வாரியத்துக்குத் தெரியும். கால் நூற்றாண்டுக்குள் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. தார் மண்ணில் நூறு ஆண்டு இருக்கும். ஒரு நகராட்சி அலுவலகத்தின் நினைவு எத்தனை ஆண்டு இருக்கும்? அதிகாரி மாறுவார், கோப்பு இடம் மாறும், நிலம் நான்கு கை மாறும். ஆகவே ஒரு மறுசீரமைப்புத் திட்டத்தைப் பார்த்தால் நான் கேட்பது ஒன்றே: மூடியைப் பராமரிக்க யார் பெயரில், எந்தக் கணக்கில், எத்தனை ஆண்டுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? அழகிய வரைபடங்களுக்கு நடுவே அந்தப் பக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை.

#11 மண்சோதனை

முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். சியாட்டிலின் கேஸ் வொர்க்ஸ் பூங்கா நல்ல உதாரணம். எரிவாயு ஆலை 1956இல் நின்றது, 1975இல் பூங்காவாகத் திறந்தார்கள். மண்ணில் கழிவுநீர்க் கசடும் மரத்தூளும் கலந்து உழுது, நுண்ணுயிர்களை விட்டே எண்ணெயைத் தின்ன வைத்தார்கள். அந்தக் காலத்தில் துணிச்சலான யோசனை. ஆனால் கனமான தார் அசையவில்லை. 1984இல் மாசு பற்றிய கவலையில் பூங்காவைச் சில காலம் மூடிச் சோதித்தார்கள். பின்னர் மேலே புதிய மண் போட்டார்கள், பென்சீனை வெளியேற்றக் காற்றைச் செலுத்தினார்கள். பூங்காவை ஒட்டிய ஏரியின் அடிவண்டல் பிரச்சினை அதற்குப் பிறகும் நீண்டது. பூங்கா திறப்பு விழாவுக்கு ஒரு நாள் போதும், பூங்காவின் மண்ணுக்குத் தலைமுறைகள் வேண்டும்.

#12 எளியவழி

ஸ்பெயினின் பில்பாவோ நகரம் போல ஓர் அருங்காட்சியகம் கட்டினால் எல்லாம் தானாக வரும் என்று படித்தேனே?

#13 வட்டிக்கணக்கு

எல்லோரும் படிப்பது அதைத்தான்! அந்தக் குக்கன்ஹைம் அருங்காட்சியகம் 1997இல் திறந்தது, உண்மை. அதற்கு முன்பே 1992இல் மத்திய அரசும் உள்ளூர் அரசுகளும் தங்கள் நிலங்களை ஒன்றாகப் போட்டு ஒரு பொது நிறுவனம் அமைத்தன. 1995இல் மெட்ரோ ஓடத் தொடங்கியது. கழிமுகத்து ஆற்றைச் சுத்தம் செய்யும் திட்டம் 1980களிலேயே நடந்துகொண்டிருந்தது. அதற்குப் போன பணம் அருங்காட்சியகத்துக்குப் போனதைவிடப் பல மடங்கு. புகைப்படத்தில் சாக்கடைக் குழாய் விழாது, அருங்காட்சியகத்தைப் போர்த்திய டைட்டானியம் விழும். அதனால் உலகமெங்கும் டைட்டானியத்தை மட்டும் நகலெடுக்கிறார்கள்.

#14 நகர்வாசி

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். நீங்கள் சொல்பவை பெரும்பாலும் நிலத்துக்குக் கேட்பார் இருக்கிற ஊர்கள். மக்கள் வெளியேறிக்கொண்டிருக்கும் ஊரில், நகராட்சியிடமும் பணம் இல்லை, நிலத்துக்கும் ஆள் இல்லை என்றால்?

#15 வட்டிக்கணக்கு

அங்கே கெடுத்தவர் திவாலாகும்போதே பிடித்துக்கொள்ள வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 2009இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. கைவிட்ட 89 இடங்களைச் சுத்தம் செய்து விற்பதற்காக 2011இல் ரேசர் என்ற அறக்கட்டளையை அமைத்தார்கள். சுத்திகரிப்புக்கென்றே சுமார் 50 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஃபிளின்ட் நகரின் பியூக் சிட்டி அதில் ஒன்று. போதுமா என்றால் போதாது, ஆனால் பணம் நிலத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. வழக்கமாக நிறுவனம் போகும்போது பணமும் போய்விடும், நிலம் மட்டும் ஊருக்கு மிஞ்சும்.

#16 பசுங்கூரை

அதே ஃபிளின்டில் ஆற்றங்கரையிலிருந்த ஷெவர்லே ஆலை நிலத்தின் கான்கிரீட் தரைமேல் மண் பரப்பி, புல்லும் மரமும் வைத்துப் பூங்காவாக்கினார்கள். கேட்பார் இல்லாத ஊருக்கு அதுதான் சரியான வேகம். மூடு, மரம் நடு, கண்காணி, அவசரப்பட்டு விற்காதே. ஒரு எச்சரிக்கை: மரமே மாசை உறிஞ்சிவிடும் என்று யாராவது சொன்னால் முழுதாக நம்பாதீர்கள். வேர் எட்டும் ஆழம்வரைதான், அதுவும் சில பொருட்களை மட்டும்தான், மிக மெதுவாக.

#17 மண்சோதனை

கட்டுமானத்துக்கு வருபவர்கள் மறக்கும் இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். எஃகு உலைக் கசட்டை மேடு நிரப்பப் பயன்படுத்திய நிலத்தில் தரை பத்தாண்டு கழித்தும் உப்பலாம். உள்ளே மிச்சமிருக்கும் சுண்ணாம்பு ஈரம் பட்டு விரிகிறது, கட்டடத் தளம் வெடிக்கிறது. இரண்டாவது, ஆலை ஓடியபோது நாள்தோறும் நிலத்தடி நீரை இறைத்தது. ஆலை நின்றதும் நீர்மட்டம் ஏறும். லண்டனிலும் பர்மிங்காமிலும் இது நடந்தது. அதுவரை உலர்ந்து கிடந்த மாசு நீரில் நனையத் தொடங்கும், அடித்தளங்களும் கூடத்தான். பத்து ஆண்டு முந்தைய சோதனை அறிக்கையைக் காட்டி அனுமதி கேட்டால் திருப்பி அனுப்புங்கள்.

#18 நகர்வாசி

வீடா பூங்காவா என்ற என் தலைப்பையே எடுத்துவிட்டு, மாசையும் பத்திரத்தையும் பணத்தையும் யார் பராமரிப்பது என்று எழுதப் போகிறேன். எங்கிருந்து தகவல் திரட்டத் தொடங்குவது?

#19 ஆவணக்காவலர்

பழைய ஆலை வரைபடங்கள், தீக்காப்பீட்டு வரைபடங்கள், தொழிற்சாலை உரிமக் கோப்புகள், வெவ்வேறு ஆண்டுகளின் வான்படங்கள். காப்பீட்டுக்காரர்கள் எந்த அறையில் எது எரியும் என்று குறித்து வைத்திருப்பார்கள். அரசுக் கோப்பைவிட அது நம்பகமானது.

#20 பழைய ஃபிட்டர்

தாள் போதாது தம்பி. பழுதுபார்க்கும் பிரிவில் இரவு ஷிப்ட் பார்த்த கிழவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் போய்ப் பாருங்கள். கழிவு எண்ணெயைக் கொண்டுபோகும் லாரி வராத நாளில் எந்தச் சுவருக்குப் பின்னால் ஊற்றினோம், எந்தக் குழியை மூடி மேலே சிமெண்ட் பூசினோம் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் கிடையாது. பெயர் எழுதிக்கொள்ள மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் பேசுவார்கள். அவர்கள் காட்டும் இடத்தில் மண்சோதனை ஐயாவைத் துளை போடச் சொல்லுங்கள்.

#21 மண்சோதனை

ஃபிட்டர் ஐயா சொன்ன ஆட்களைக் கண்டுபிடித்தால், ஆலை வரைபடத்தின் பெரிய நகல் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். வாயால் சொன்னால் இடம் தப்பும். பேனாவை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.